துணி கட்டிய தூக்குப்போசி

ராசாத்தியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது, அவள் தூக்குப்போசியின் வாயில் துணி கட்டிய அன்றைக்கு.

மூன்று வருடமாக அந்தப் போசி எங்கள் வீட்டுக்கு வந்து போகிறது. காலையில் அதில் சோறு கொண்டு வருவாள். மத்தியானம் சாப்பிட்டுக் கழுவி ஜன்னல் கம்பியில் மாட்டுவாள். பொழுது சாய்ந்தால் வெறும் போசியை ஆட்டிக்கொண்டு போவாள். அதன் மூடி தொலைந்து வெகு நாளாகிறது. இந்த ஆனி மாதம், நாவல் பழத்தில் கை வைத்த இரண்டாம் நாள், அந்தப் போசி ஆடவில்லை. கனத்துத் தொங்கியது. வாயைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருந்தது.

"போயிட்டு வாரனுங்கக்கா" என்றாள்.

"ம்" என்றேன். அதில் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நானும் ராசாத்தியும் சேர்ந்துதான் ஜூஸ் போடுகிறோம். பழம் எங்கள் தோட்டத்தினுடையது, கைப்பக்குவம் அவளுடையது. சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் எங்கள் ஊர். முன்பு கோழிப்பண்ணை வைத்திருந்தோம். அதை எடுத்த பிறகு தீவன ரூமைக் கழுவி, வெள்ளையடித்து, டைல்ஸ் ஒட்டி, இரண்டு பெரிய அடுப்பு வைத்தோம். எவ்வளவு கழுவியும் மழை நாளில் தவிட்டு வாசம் கொஞ்சம் வரும். சித்திரையிலிருந்து மாம்பழம், ஆனியில் நாவல், ஐப்பசி கார்த்திகையில் நெல்லிக்காய், நடுநடுவே எலுமிச்சை, மலையிலிருந்து இறங்கி வந்தால் அன்னாசி. தண்ணீர் கலந்து குடிக்கிற கெட்டி ஜூஸ், ஜாம், ஊறுகாய் எல்லாம் அந்த ரூமில்தான்.

இதற்கெல்லாம் முன்னால் நாமக்கல்லில் ஒரு மூன்று நாள் பயிற்சிக்குப் போனோம். அந்த வருடம் மாம்பழம் விலை போகாமல் மரத்தடியிலேயே அழுகியது. காட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த ராசாத்தியைத் துணைக்கு இருக்கட்டும் என்று கூட்டிப் போனேன். பாடம் எடுத்த பெண் எங்கள் இரண்டு பேரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. ராசாத்திக்கும் இருந்திருக்கும், காலை மடக்கி உட்கார்ந்தே இருந்தாள். ஆனால் சொன்னதையெல்லாம் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நான் போகவில்லை. ஜேடர்பாளையத்தில் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. திரும்பி வந்ததும் ராசாத்தி அன்றைக்கு நடந்த பாடத்தைச் சொல்ல வாயெடுத்தாள். நீ தெரிந்துகொண்டாயில்லையா, அது போதும் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் பாடம் கேட்பதா என்று எனக்கு ஒரு இது.

அலமாரியில் இரண்டு கண்ணாடி பாட்டில் இருக்கும். இரண்டிலும் வெள்ளைப் பொடி. ஒன்றின் கழுத்தில் மஞ்சள் கயிறு, இன்னொன்றில் ஊதா ஜாக்கெட் துணிக் கிழிசல். கட்டி வைத்தது ராசாத்தி. மஞ்சள் கயிறு கட்டியது ஜூஸ் கெடாமல் இருக்கப் போடுவது. அதை முதல் நாளே சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஊதாத் துணி கட்டியது எலுமிச்சை உப்பு, பழம் கிடைக்காத நாளைக்கு வைத்திருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படியே மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பொடி போடுவது அவள் வேலை. பாட்டிலுக்கு மூடி அடிப்பது என் வேலை. அவரவர் வேலையை அவரவர் பார்த்தோம்.

இந்த வருடம் நாவலுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் தீனதயாளன் எனக்குத் தம்பி முறை. ஆவணியில் அவன் மகள் பிரவீனாவுக்குக் கல்யாணம். மண்டபத்து வாசலில் வருகிறவர்களுக்குக் கடைக் கலர் சோடா கொடுக்காமல் நம் மரத்து நாவல் ஜூஸ் கொடுக்க வேண்டும், அதுவும் கண்ணைப் பறிக்கிற ஊதாவாக இருக்க வேண்டும் என்றான். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை, நாவல் நல்லதாம். அதற்கு என் வீட்டுக்காரர் மயில்சாமி, "சக்கரைக்கு நல்லதுன்னு சொல்லி அதுல மூட்டையா சக்கரையக் கொட்டறீங்க" என்று சிரித்தார். அறுபது பாட்டில் என்று பேச்சு.

அந்த நாவல் சமயத்தில்தான் போசிக்குத் துணி வந்தது.

மறுநாளும் கட்டியிருந்தது. அதற்கு மறுநாளும். கொண்டு போகிறபோது அவள் இடுப்புப் பக்கமாக அணைத்துப் பிடித்தது போல எனக்குத் தெரிந்தது. ராசாத்தியின் மகள் சரிதா சித்திரையில்தான் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜூஸ் கடை போட்டிருந்தாள். நான்தான் போய்ப் பூசணிக்காய் சுற்றிவிட்டு வந்தேன். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கத்துத் தோட்டத்து அமுதவல்லி ஒரு நாள் மோர் வாங்க வந்தவள், நின்றபடியே நாக்கை நீட்டிக் காட்டினாள். ஊதாவாக இருந்தது.

"ராசாத்தி மக கடைல நாவல் ஜூஸ் குடிச்சனுங்கக்கா. ரண்டு நாளாச்சு, இன்னும் போவலீங்க. அத்தனை கெட்டி."

அவள் மோரை வாங்கிக்கொண்டு, "அந்தக் கடைக்குப் பழம் எங்கிருந்து வருதுங்களோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு இரவு சாப்பாட்டில் அதை மயில்சாமியிடம் சொன்னேன். மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் நாவல் பழம் கிடைக்காதா என்று அவர் கேட்டார். சாறு போன வருடத்தை விடக் குறைவாக வருகிறது, அதே கூடைப் பழத்துக்குக் குண்டாவில் நாலு விரல் குறைகிறது என்றேன். மழையில்லை, பழமெல்லாம் கொட்டையாக இருக்கிறது என்று பழத்தை மென்று பார்த்தே சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. குறைந்த நாலு விரல் எங்கே போனது என்று எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அது துணி கட்டி நடந்து போகிறது.

மஞ்சள் கயிற்றுப் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டது அதற்கு மறுநாள் காலையில். பொடி எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தில், வெளிப்பக்கம், மெல்லியதாக ஒரு கோடு. எதற்குப் போட்டேன் என்று அப்போது கேட்டிருந்தால் சும்மா என்றிருப்பேன். சந்தேகம் வந்த பிறகு கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

நான்கு நாள் பிழிந்த சாறை ஃப்ரீசரில் சேர்த்து வைத்து, ஐந்தாம் நாள் ஒரே மூச்சில் போட்டோம். ராசாத்தி பாகு காய்ச்சினாள், எலுமிச்சம்பழம் பிழிந்தாள், சாறைக் கலந்து துணியில் வடித்தாள். நான் பாட்டில்களை வெந்நீரில் போட்டு எடுத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அறுபது பாட்டிலும் நிரம்பி மேஜை மேல் வரிசையாக நின்றபோது அந்த ரூமே ஊதாவாக இருந்தது. அன்று மூன்று மணிக்கே ராசாத்தி கிளம்பினாள். அவள் வீட்டுக்காரன் கருப்பண்ணனுக்குக் காலில் புண் ஆறவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். போசியில் அன்றைக்கும் துணி.

"ஆறுனதும் மூடி அடிச்சுருங்கக்கா. எல்லாம் போட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாம் போட்டாச்சு. நான் போய் மஞ்சள் கயிற்றுப் பாட்டிலைப் பார்த்தேன். பொடி என் கோட்டில் அப்படியே நின்றது. ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அந்த மத்தியானம் எனக்குள் ஓடியதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கெடாமல் இருக்கிற பொடியை அவள் வேண்டுமென்றே போடவில்லை. ஆவணிக்குள் அறுபது பாட்டிலும் பொங்கி வழியும். தீனதயாளன் கடைசி நேரத்தில் தவிப்பான். அப்போது சேந்தமங்கலத்தில் ஒரு கடை இருக்கும், அவள் மகள் கடை, நல்ல கெட்டி ஜூஸோடு. நினைக்க நினைக்க எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொருந்தப் பொருந்த அதுதான் உண்மை என்று தோன்றியது.

பாட்டில்கள் ஆறின. மூடி அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் மஞ்சள் கயிற்றுப் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை. குறைந்துவிடக் கூடாது என்று கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். மூடி அடித்து, தலைகீழாக இரண்டு தரம் ஆட்டி, வெளிச்சம் படாமல் அப்போதே செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கினேன். ராசாத்தியிடம் சொல்லவில்லை. அவள் நினைப்பு நடக்காமல் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடி முடிகிற சமயத்தில் தீனதயாளன் ருசி பார்க்க வந்தான். ராசாத்தி ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள். மயில்சாமி அவனோடு பேசிக்கொண்டே தீவன ரூமுக்கு வந்தார். நான் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துச் செய்தித்தாளை உரித்தேன்.

செங்கல் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

இன்னொன்றை உரித்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. ஊதா என்று சொல்ல ஒரு பொட்டு இல்லை. பொங்கவில்லை, கெட்ட வாடை இல்லை. நிறம் மட்டும் யாரோ உறிஞ்சி எடுத்த மாதிரி போயிருந்தது.

தீனதயாளன் பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். மரியாதையான பையன். மெதுவாகத்தான் கேட்டான்.

"ஏனுங்கக்கா, நாவல்னுதான சொன்னீங்க?"

நான் ராசாத்தி பக்கம் திரும்பினேன்.

"ராசாத்தி, இதுல எத்தனை தண்ணி ஊத்துன?"

அவள் அரிவாள்மணையிலிருந்து எழுந்தாள். கையெல்லாம் எலுமிச்சைச் சாறு. என்னங்கக்கா என்று கேட்டாள். நான் திரும்பவும் அதையே கேட்டேன். தண்ணீர் ஊற்றவில்லை என்றாள். அப்புறம் சாறு எங்கே போனது என்றேன். மயில்சாமி பாவாயி என்று என்னை அதட்டினார். நான் நிறுத்துகிற நிலையில் இல்லை.

"தெனமும் அந்தப் போசில துணி கட்டிக் கொண்டுக்கிட்டுப் போனியே, அது என்ன?"

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. தின்கிற பொருள் செய்கிறவளுக்குக் கையின் பேர்தான் எல்லாம். ராசாத்தி தண்ணீர் கலந்தாள், திருடினாள் என்று தீனதயாளன் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனால், அவளுக்கு இந்த ரூம் மட்டும் இல்லை, அவள் மகள் கடையும் போய்விடும்.

ராசாத்தி முகம் மாறவில்லை.

"கொட்டைங்க."

"என்ன கொட்டை?"

"நாவக்கொட்டைங்க. குப்பைக் குழில கொட்டிப்போடுன்னு சொன்னீங்களே, அதுதானுங்க. காய வெச்சு இடிச்சு அவருக்கு வெறும் வவுத்துல குடுக்கறனுங்க, சக்கரைக்கு. ஈ மொய்க்குதுன்னு துணி கட்டுனனுங்க." பிறகு, "இந்த வருசம் பழமே கொட்டைதானுங்க" என்றாள்.

மயில்சாமி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கொட்டை என்றால் கொட்டை, இந்த நிறம் எங்கே போனது என்று கேட்டேன்.

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒரு பாட்டிலை வாங்கினாள். மூடியைப் பெயர்த்து மூக்குக்கிட்டே கொண்டு போனாள். சடக்கென்று முகத்தைப் பின்னால் இழுத்தாள். திரும்ப ஒரு தரம் மோந்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். மஞ்சள் கயிற்றுப் பாட்டிலில் என் பேனாக் கோடு இருந்தது. பொடி அதற்கு இரண்டு விரல் கீழே இருந்தது. ஆனிக்குப் பிறகு அந்தப் பாட்டிலுக்கு வேலையே வரவில்லை.

"செத்த இருங்க சாமி" என்று தீனதயாளனிடம் சொல்லிவிட்டு, அவள் சின்னக் குண்டாவில் அந்தத் தண்ணீர் நிற ஜூஸை ஊற்றினாள். அரை எலுமிச்சையைப் பிழிந்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். ஜன்னல் கதவுகளைத் திறக்கச் சொன்னாள். என்னைத்தான் சொன்னாள். திறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தீக்குச்சி உரசினால் வருகிற வாசம் வந்தது. பிறகு அது நெடியாக ஏறி எல்லோரும் இருமினோம். மயில்சாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார். ராசாத்தி மட்டும் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு கரண்டியால் கிளறினாள். ஒன்றும் ஆகவில்லை. நிறம் திரும்புமா என்று அவளுக்கும் தெரியாதாம், பிறகு சொன்னாள். பயிற்சியின் மூன்றாம் நாள் பாடம் எடுத்த பெண் வாயால் சொன்னதுதான், செய்து காட்டவில்லையாம்.

முதலில் குண்டாவின் ஓரத்தில் ரோஸ் ஒரு கோடாக வந்தது. கிளறினாள், போய்விட்டது. திரும்ப வந்தது. பிறகு நடுவிலும் வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஸ் சிவந்து, சிவப்பு கறுத்து, நாவல் ஊதா ஆயிற்று. முன்பு இருந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஊதா.

"அட" என்றான் தீனதயாளன்.

ராசாத்தி அடுப்பை அணைத்தாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள். மாம்பழத்துக்கும் எலுமிச்சைக்கும் போடுகிற பொடி ஒன்று, நாவல், திராட்சை மாதிரி சாயம் ஏறிய பழத்துக்குப் போடுகிற பொடி வேறு. மாம்பழத்துப் பொடியை நாவலில் போட்டால் சாயத்தை வெளுத்துவிடும். அதே மூன்றாம் நாள் திராட்சைச் சாறில் போட்டு வைத்து, சாயங்காலம் அது வெளுத்ததைக் காட்டினார்களாம். அதனால்தான் கை மாறக் கூடாதென்று ஒன்றில் மஞ்சளும் ஒன்றில் ஊதாவும் கட்டி வைத்திருக்கிறாள்.

"அப்ப இதுல மாம்பழப் பொடிய யாரு போட்டது?" என்று கேட்டான் தீனதயாளன்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அவன் என் தம்பி முறை. நாளைக்கு அவன் மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரப் போகிறவள் நான். வார்த்தை வரவில்லை. அவன் என்னைப் பார்க்கவும் இல்லை, ராசாத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராசாத்தி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எனக்காகத்தான் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"கை மாறிப் போச்சுங்க சாமி. எல்லாத்தையும் காச்சி நெறங்கொண்டாந்து குடுத்தர்றமுங்க."

அவன் தலையாட்டினான். காரில் ஏறும்போது என்னிடம் தனியாகச் சொன்னான். "நீங்களும் ஒரு கண்ணு வெச்சுக்கோங்கக்கா. அவங்க கைல உட்டுப்போடாதீங்க."

அடுத்த இரண்டு நாள் அறுபது பாட்டிலின் மூடியையும் பெயர்த்து ஊற்றி, அடுப்பை வெளியே வாசலில் வைத்துக் காய்ச்சினோம். முதல் நாள் முழுக்க வேலைக்கு வேண்டிய பேச்சுத்தான். கரண்டி, துணி, தீயைக் குறை. இரண்டாம் நாள் மத்தியானம், நெடி அடங்கிய பிறகு, "நாந்தான் போட்டேன்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள். "கோட்டுக்குக் கீழ இருக்குதுங்களே."

"அந்தக் கோட்ட எப்பப் பாத்த?"

"நீங்க போட்ட அன்னைக்கேங்க. பேனா மூடிய அடுப்பு மேடைலயே உட்டுட்டுப் போயிட்டீங்க."

அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன்.

"என்னன்னு கேக்கறதுங்க" என்றாள் ராசாத்தி. கரண்டியை வழித்துக் குண்டா ஓரத்தில் தட்டினாள். "நாங் கெடுத்துப்போடுவேன்னு நெனச்சீங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஆமாம் என்றேன். அவள் ஊம் கொட்டிக்கொண்டு அடுத்த பாட்டிலின் மூடியைப் பெயர்த்தாள்.

அதோடு முடிந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்குள் இருந்திருக்கும். ஆனால் தீனதயாளன் அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவன் வீட்டிலிருந்து அது கிளம்பி, திருச்செங்கோட்டிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு அமுதவல்லி வாய்க்கு வந்து சேர்ந்தது. ராசாத்தி என்னவோ மருந்துப் பொடியை மாற்றிப் போட்டுவிட்டாளாமே, பாவாயி அக்கா கண்டுபிடித்துக் காப்பாற்றினார்களாமே என்று என்னிடமே சொன்னாள். சொல்லிவிட்டு, சரிதா கடையில் இப்போது ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர், இதில் பொடி போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை வாங்குகிறார்கள், சில பேர் கேட்டுவிட்டு வாங்காமலும் போகிறார்கள் என்றாள். நல்ல சேதி கொண்டு வந்தவள் மாதிரி நின்றாள்.

அன்றைக்கே தீனதயாளனுக்கு போன் போட்டேன். மயில்சாமி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பொடியைப் போட்டது நான், ராசாத்தி சரியாகத்தான் போட்டிருந்தாள், அவளை நம்பாமல் நான்தான் மேலே போட்டேன் என்றேன். அவன் சிரித்தான்.

"செரி உடுங்கக்கா. நம்ம ஊட்டு விசயம்."

"நம்ம ஊட்டு விசயமில்ல சாமி. அவ பேரு."

பார்க்கலாம் என்றான். அந்தக் குரலிலேயே அவன் யாரிடமும் சொல்ல மாட்டான் என்று தெரிந்தது. அவனுக்கு அது என் மானத்தைக் காப்பாற்றுகிற வேலை.

அதனால் கல்யாணத்தன்று நான் முன்வரிசையில் உட்காரவில்லை. மண்டபத்து வாசலில், ஜூஸ் மேஜைக்குப் பின்னால், ராசாத்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவள் கலக்கி ஊற்றினாள், நான் டம்ளரை நீட்டினேன். டம்ளரை வாங்கியவர்கள் என்ன நிறம் என்ன நிறம் என்றார்கள். தெரிந்த முகமாக வந்த ஒவ்வொருவரிடமும் நான் சொன்னேன். இது ராசாத்தி போட்டது, நடுவில் நான் பொடியை மாற்றிப் போட்டுக் கெடுத்துவிட்டேன், அவள்தான் திரும்ப எடுத்துக் கட்டினாள். சில பேர் சிரித்தார்கள். வயசாயிடுச்சுங்கள்ல என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். அதை அப்படியே விட்டுவிட மனசு வந்தது, எவ்வளவு சுலபம். வயசு இல்லை, சந்தேகம் என்று அவளுக்கும் சொன்னேன். அமுதவல்லி வந்தபோது மட்டும் இரண்டு தரம் சொன்னேன். அவள் போதுமான பேருக்குச் சொல்லிவிடுவாள்.

ராசாத்தி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கலக்குவதை நிறுத்தவில்லை. ஒரு தரம் மட்டும், "டம்ளர நேராப் புடிங்கக்கா, ஒழுகுது" என்றாள்.

சரிதா கடை நடக்கிறது. இப்போது எங்களுக்கு நெல்லிக்காய். ஆவணிக்குப் பிறகு மூடி அடிக்கிற வேலையையும் ராசாத்தியே எடுத்துக்கொண்டாள். உங்களுக்குக் கை வலிக்குமுங்க, நானே பாத்துக்கறனுங்க என்றாள். மெஷின் இருக்கிற மேஜையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஊதாத் துணியில் இருப்பது என்ன, எதற்கு எவ்வளவு என்று நான் கேட்டேன், சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பாடத்தை மூன்று வருடம் கழித்துப் படித்தேன். பேனாக் கோட்டை நான் துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

பொழுது சாயும்போது அவள் ஜன்னல் கம்பியிலிருந்து போசியை எடுக்கிறாள். துணி கட்டியிருந்தால் அவிழ்க்கிறாள். வாசலில் நான் இருக்கிற பக்கம் வந்து, போசியைச் சாய்த்து, உள்ளே தெரியும்படி காட்டுகிறாள். பெரும்பாலும் வெறும் போசிதான். சில நாள் அடிபட்ட நெல்லிக்காய் நாலு இருக்கும்.

வேண்டாம் ராசாத்தி என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கோபமாகவும் சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன்.

"இருக்கட்டுங்கக்கா" என்கிறாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, பழக்கம் மாதிரிதான் செய்கிறாள். "போயிட்டு வாரனுங்க."

நான் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன். அவள் சாய்க்கும்போது என் கண் உள்ளே போய்விட்டுத்தான் வருகிறது.